போட்டு ஆடிய சட்டைதானா இது? பழைய பேஸ்பால் ஜெர்சி சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஆகஸ்டில், டல்லாஸில் இருக்கும் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு விற்றது. அமெரிக்க பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம் பேப் ரூத், 1932-இல் அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான 'உலகத் தொடரில்' போட்டிருந்த நியூயார்க் யாங்கீஸ் அணிச் சட்டை. விளையாட்டு நினைவுப் பொருள் எதுவும் ஏலத்தில் அதற்கு முன் அந்த விலைக்குப் போனதில்லை. செய்தி வந்த நாளிலிருந்து, நான் பழைய ஜெர்சி சேர்ப்பது தெரிந்த நண்பர்கள் எல்லாரும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஏமாந்த கதையும் உள்ளே இருக்கிறது.

ஒரு பழைய சட்டைக்கு எதற்கு இவ்வளவு விலை?

சட்டைக்கு இல்லை, ஒரு நிமிடத்துக்குத்தான் அந்த விலை. 1932 அக்டோபர் 1, சிகாகோ ரிக்லி மைதானம், தொடரின் மூன்றாவது ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ், 4-4 என்று சமநிலை. சிகாகோ கப்ஸ் வீரர்கள் ஓரத்தில் உட்கார்ந்து ரூத்தைக் கண்டபடி கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். ரூத் கையை நீட்டி எதையோ காட்டினார். கப்ஸ் பந்துவீச்சாளர் சார்லி ரூட் அடுத்து வீசிய பந்து, ரூத் அடித்ததும், மைதானத்தின் நடுப்பக்க வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. 'இங்கேதான் அடிக்கப் போகிறேன்' என்று சொல்லி அடித்தாரா, கிண்டல் செய்தவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாரா என்பது இன்றைக்கும் தீராத விவாதம். ரூட் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இதே சட்டை 2005-இல் 9,40,000 டாலருக்குத்தான் போனது. 19 வருடத்தில் துணி மாறவில்லை, நூல் மாறவில்லை. சந்தை பெருத்தது. கூடவே, பழைய புகைப்படங்களோடு சட்டையை ஒப்பிட்டு 'இது அதேதான்' என்று நிறுவும் வித்தை வளர்ந்தது. அந்த வித்தையைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசப் போகிறேன்.

கேம்-வோர்ன், டீம்-இஷ்யூட், ப்ரோ-கட்: எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. விற்பவர்கள் இவற்றைக் குழப்பித்தான் காசு பார்க்கிறார்கள். கேம்-வோர்ன் என்றால் வீரர் ஆட்டத்தில் உண்மையிலேயே போட்டிருந்தது. டீம்-இஷ்யூட் என்றால் அணிக்காகத் தைத்து அணிக்குக் கொடுத்தது. யாரும் போடாமல் அலமாரியிலேயே கிடந்திருக்கலாம். ப்ரோ-கட் என்றால் அணிக்குத் தைக்கும் அதே அளவு, அதே துணி, அவ்வளவுதான். கடையில் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். இவை போக, பழைய காலத்தில் விற்பனைப் பிரதிநிதிகள் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டிய மாதிரிச் சட்டைகளும் உண்டு. துணியும் லேபிளும் நூற்றுக்கு நூறு அசல். மைதானத்தை மட்டும் பார்த்திருக்காது.

கையில் ஒரு சட்டை கிடைத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கூட வரும் சான்றிதழைப் பார்க்காதீர்கள். அதை உறையிலேயே விட்டுவிடுங்கள். முதலில் படித்துவிட்டால் அதில் சொன்னதைத்தான் கண் சட்டையில் தேடும். துணி, லேபிள், தையல், எண், தேய்மானம் என்ற வரிசையில் போங்கள். சட்டை தன் வயதைத் தானே சொல்லும். அது சொல்வதும் சான்றிதழ் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

துணியை வைத்து ஆண்டைச் சொல்லிவிட முடியுமா?

சரியான ஆண்டைச் சொல்ல முடியாது. தப்பான ஆண்டை ஒதுக்கிவிடலாம். பாதி வேலை அதுதான்.

1970 வரைக்கும் பெரிய லீக்கில் (மேஜர் லீக், அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டி) ஃபிளானல் துணிதான். முதலில் முழுக் கம்பளி, பிறகு கம்பளியோடு பருத்தியோ செயற்கை இழையோ கலந்தது. ஜூலை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எப்படித்தான் ஓடினார்களோ. 1970 ஜூலையில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் புது மைதானத்துக்குக் குடிபோனபோது பொத்தான் இல்லாத, தலைவழியாக மாட்டும் பின்னல் துணிச் சட்டையோடு இறங்கினார்கள். இரண்டு மூன்று வருடத்துக்குள் மற்ற அணிகளும் பின்னால் போய்விட்டன. ஆகவே 1965 சட்டை என்று ஒருவர் பின்னல் பாலியஸ்டரை நீட்டினால் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை.

நூலையும் பாருங்கள். பாலியஸ்டர் இழை கடைகளுக்கு வந்ததே 1950-களில்தான். 1930-களின் சட்டையில் எழுத்துகளைப் பாலியஸ்டர் நூலால் தைத்திருந்தால், பின்னாளில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

லேபிளில் என்ன தெரியும்?

நிறையத் தெரியும். காலருக்குள் இருக்கும் நிறுவன லேபிள் காலத்துக்குக் காலம் வடிவம் மாறும். ஸ்பால்டிங், வில்சன், ராலிங்ஸ், கோல்ட்ஸ்மித், பின்னால் மெக்ரெகர், பாஸ்டனில் டிம் மெக்காலிஃப், 70-80-களில் சாண்ட்-நிட் என்று ஒவ்வொரு அணிக்கும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் தைத்தார்கள். எந்த அணிக்கு எந்த ஆண்டில் யார் என்பதைச் சேகரிப்பாளர்கள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கச் சட்டமும் நமக்கு உதவும். துவைக்கும் முறையைச் சொல்லும் துணிச்சீட்டு உடையில் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற விதி 1972-இல்தான் வந்தது. 1955 சட்டையில் 'வெந்நீரில் துவைக்காதீர்கள்' என்று ஒரு சீட்டு தைத்திருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். விதி வருவதற்கு முன்பே சிலர் தாங்களாகப் போட்டிருக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எனக்குப் பிடித்தது லேபிள்கூட இல்லை, பக்கத்தில் நூலால் எழுதியிருக்கும் பெயர். சங்கிலித் தையல் என்பார்கள். நம் ஊரில் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்வார்களே, அதே குடும்பத்துத் தையல். ரூத்தின் 1920 வாக்கிலான சட்டை ஒன்று 2012-இல் 44 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதன் காலருக்குள் இளஞ்சிவப்பு நூலில் 'ரூத் ஜி.எச்.' என்று இருக்கிறது. ஜார்ஜ் ஹெர்மன். உலகத்துக்கெல்லாம் 'பேப்'பாக இருந்தவர், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவருக்கு வெறும் இன்ஷியல்.

இந்தப் பெயரைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பாருங்கள். காலருக்கு வந்த அதே வயது நூலுக்கும் வந்திருக்க வேண்டும். மஞ்சள் பூத்த கம்பளியில் பளிச்சென்ற நூல் இருந்தால், அது நேற்று வந்த விருந்தாளி.

அணியின் சீருடை வரலாறு தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம். யாங்கீஸையே எடுத்துக்கொள்வோம். போலிகளும் அதில் நிறைய வரும்.

கோடுபோட்ட வெள்ளைச் சட்டை, நெஞ்சில் 'என்', 'ஒய்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பின்னிய சின்னம்: யாங்கீஸ் என்றதும் கண்முன் வருவது இதுதான். ரூத் யாங்கீஸுக்கு ஆடியது 1920 முதல் 1934 வரை. அந்தக் காலம் முழுக்க அவர்களுடைய உள்ளூர்ச் சட்டையின் நெஞ்சில் அந்தச் சின்னமே கிடையாது. வெறும் கோடுகள்தான். சின்னம் 1936-இல் திரும்ப வந்தது. ரூத் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் புகழ்பெற்ற படம் 1948-இல், சாவதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த பிரிவு விழாவில் எடுத்தது. ஆகவே நெஞ்சில் சின்னத்தோடு 'ரூத் 1927-இல் போட்டு ஆடியது' என்று வந்தால், எத்தனை பக்கச் சான்றிதழ் இருந்தாலும் தூக்கிப் போடலாம்.

இன்னொன்று. வெளியூர் ஆட்டத்துச் சாம்பல் சட்டையில் 'நியூயார்க்' என்று இருப்பது வழக்கம். 1927 முதல் 1930 வரை மட்டும் 'யாங்கீஸ்' என்று போட்டார்கள். 2019-இல் 56 லட்சம் டாலருக்கு ஏலம் போன ரூத் சட்டை அந்தக் குறுகிய காலத்தைச் சேர்ந்தது.

பொதுவான சில அடையாளங்களும் உண்டு. முதுகில் எண்ணை நிரந்தரமாகப் போடத் தொடங்கியது 1929, யாங்கீஸும் கிளீவ்லாந்தும். முதுகில் பெயர் 1960, சிகாகோ வைட் சாக்ஸ். ஜிப் வைத்த சட்டை 1937-இல் கப்ஸ் கொண்டுவந்தது. 1939-இல் எல்லா அணிச் சட்டைக் கையிலும் பேஸ்பால் நூற்றாண்டுப் பட்டை (மேலே வைத்துத் தைத்த சின்னம்), 1969-இல் தொழில்முறைப் பேஸ்பாலின் நூறாண்டுப் பட்டை. இப்படி ஒரு பட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி இருந்தால், தைத்துப் பிரித்த ஊசித்துளைகளாவது தெரிய வேண்டும்.

எண் சரியாக இருக்கிறது. அப்படியானால் அந்த வீரருடையதுதானே?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், நான் உட்பட.

முதலில், எண் ஒருவருக்கே சொந்தமில்லை. ரூத்தின் 3-ஆம் எண்ணை, அவர் போன பிறகு 1935 முதல் ஜார்ஜ் செல்கர்க் போட்டார். அந்த எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்தது 1948-இல்தான். நடுவில் 13 வருடம் எத்தனையோ 3-ஆம் எண் சட்டைகள் யாங்கீஸில் ஓடியிருக்கின்றன. யாங்கீஸின் பின்னாளைய நட்சத்திரம் மிக்கி மேண்டில் என்றால் 7. ஆனால் 1951-இல் அவர் அறிமுகமானபோது போட்டது 6. நடுவில் சிறிய லீக்குக்கு (பெரிய லீக்குக்குக் கீழ்ப்பட்ட அணிகள் ஆடுவது) அனுப்பப்பட்டு, திரும்பி வந்த பிறகுதான் 7. ஏப்ரல் 1951-இன் 7-ஆம் எண் சட்டை மேண்டிலுடையது இல்லை.

இரண்டாவது, பழைய சட்டைகளை அணிகள் வீணாக்கவில்லை. சீசன் முடிந்தால் அடுத்த வசந்தகாலப் பயிற்சிக்கு. அது முடிந்தால் கீழே இருக்கும் சிறிய லீக் அணிக்கு. அண்ணன் சட்டை தம்பிக்கு வரும் கதைதான். தம்பி வீட்டுக்குப் போனதும் எழுத்தைப் பிரித்து வேறு அணிப் பெயர், எண்ணைப் பிரித்து வேறு எண். நட்சத்திர வீரரின் சட்டையைப் பெயர் தெரியாத ஒரு பையன் இரண்டு வருடம் போட்டுக் கிழித்திருப்பான்.

என் கதை இது. சேர்க்கத் தொடங்கிய புதிதில் 1969 வெளியூர்ச் சட்டை ஒன்றை வாங்கினேன். நூறாண்டுப் பட்டை இருந்தது, லேபிள் சரி, துணி சரி. முதுகில் 14. வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். 4-ஐ ஒட்டி, துணி கொஞ்சம் கருமையாக ஒரு வளைவு. எண் மூடியிருந்த இடத்தில் வெயிலும் சோப்பும் படாமல் பழைய நிறம் அப்படியே தங்கியிருந்தது. விரலால் தடவினால் வரிசையாக ஊசித்துளைகள். அங்கே முன்பு இருந்தது 4 இல்லை, 8. சட்டை அசல், அணி அசல், பட்டை அசல். வீரர் மட்டும் வேறு ஆள். விற்றவரிடம் கேட்டபோது, "நான் 1969 சட்டை என்றுதானே சொன்னேன், யார் போட்டது என்று எங்கே எழுதிக் கொடுத்தேன்?" என்றார். விளம்பரத்தை மறுபடி படித்தேன். எழுதவில்லைதான். 14-ஐப் பார்த்து மனசுக்குள் பெயரைப் போட்டுக்கொண்டது நான். சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்க்க வருபவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

புகைப்படப் பொருத்தம் என்கிறார்களே, எப்படிச் செய்கிறார்கள்?

போட்டோமேட்ச். ஆட்டத்தில் எடுத்த தேதி தெரிந்த படத்தில் இருக்கும் சட்டையும் கையில் இருக்கும் சட்டையும் ஒன்றே என்று காட்டுவது.

அது முடிவதற்குக் காரணம், அந்தக் காலத்தில் எல்லாமே கைவேலை. கோடுபோட்ட துணியை வெட்டும்போது கோடு எங்கே அறுபடும் என்பது கத்தரி பிடித்தவர் கையில். எண்ணைத் தைக்கும்போது இரண்டு நூல் இடமோ வலமோ நகரும். ஒரே வீரருக்கு ஒரே வாரத்தில் தைத்த இரண்டு சட்டையில்கூட, இடமிருந்து நாலாவது கோடு எண்ணின் எந்த முனையில் நுழைகிறது என்பது வேறுபடும். கோடில்லாத சாம்பல் சட்டையில் எழுத்துக்கும் பொத்தானுக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்பார்கள்: 'நியூ'வின் கடைசி எழுத்து பொத்தான் பட்டையை எங்கே தொடுகிறது, 'யார்க்'கின் முதல் எழுத்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று. பின்னாளைய வலைத்துணிச் சட்டையில் துளைகளையே எண்ணுகிறார்கள்.

பழைய படத்தில் இவ்வளவு தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும், சில சமயம் புதியதைவிட நன்றாக. 1910-20-களின் பத்திரிகைக் கேமராக்களில் பெரிய கண்ணாடித் தகடு இருக்கும். 70-களின் சின்ன ஃபிலிம் சுருளைவிட அதில் விவரம் அதிகம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பெய்ன் செய்தி நிறுவனத்தின் பழைய தகடுகளை ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெரிதாக்கிப் பாருங்கள், பொத்தான் துளையில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. 'ஸ்டைல் மேட்ச்' என்று போட்டிருந்தால் அது போட்டோமேட்ச் இல்லை. 'அந்த ஆண்டு இந்த மாதிரிச் சட்டைதான் போட்டார்கள்' என்று மட்டும் அர்த்தம். விலையில் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம்.

வேர்வைக் கறையும் கிழிசலும் இருந்தால் அசல்தானே?

தேய்மானத்தை உண்டாக்குவது ரொம்பச் சுலபம். உப்புத்தாளும் டீத்தூளும் போதும். எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். காலரின் உள்மடிப்பு, அக்குள், பந்தெறியும் கைப்பக்கத் தோள், கால்சட்டைக்குள் செருகிச் செருகிச் சுருங்கிய அடிப்பகுதி என்று இயல்பாகத் தேய வேண்டிய இடங்கள் இருக்கின்றன. மட்டையில் தடவும் பைன் தார் தோளில் ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி. கம்பளி துவைத்தால் சுருங்கும், மேலே தைத்த எழுத்து அந்த அளவு சுருங்காது. அதனால் எழுத்தைச் சுற்றித் துணி சுருக்கம் விழுந்திருக்கும். அதைப் பொய்யாகச் செய்வது கஷ்டம். நெஞ்சுக்கு நடுவே அழகாக ஒரே ஒரு கிழிசல் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

நீல டார்ச் அடித்துப் பார்க்கிறார்களே?

புறஊதா டார்ச். நவீன நூல்களிலும் சலவைப் பொடிகளிலும் இருக்கும் வெண்மையூட்டி அந்த ஒளியில் நீலமாக ஒளிரும். (நம் ஊர் சொட்டு நீலம் வேறு, இது வேறு.) 1930-களின் சட்டையில் எண்ணின் நூல் மட்டும் பளீரென்று ஒளிர்ந்தால் பின்னால் தைத்தது. முழுச் சட்டையும் ஒரே சீராக மங்கலாக ஒளிர்ந்தால், யாரோ பிற்காலத்தில் பொடி போட்டுத் துவைத்திருக்கலாம். அதை வைத்தே போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

சான்றிதழை எவ்வளவு நம்பலாம்?

கையெழுத்துப் போட்டவர் எதைப் பார்த்து எழுதினார் என்று அதில் சொல்லியிருக்கிறாரோ, அந்த அளவுக்கு. மெய்கிரே, ரெசல்யூஷன் போன்ற நிறுவனங்கள் படப் பொருத்தத்தைப் படத்தோடு காட்டுகின்றன. மியர்ஸ் என்ற இன்னொரு சான்றளிப்பு நிறுவனம் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் முறை வைத்திருந்தது. காரணம் எழுதிய சான்றிதழை நீங்களே சரிபார்க்கலாம். 'என் அனுபவத்தில் இது அசல்' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அது ஒருவருடைய அபிப்பிராயம்.

பெரிய லீக்கின் ஹோலோகிராம் ஸ்டிக்கர் வேறு வகை. அமெரிக்க எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தது. அதற்குப் பிறகு 2001-இல் லீக் தானே ஒரு திட்டம் தொடங்கியது. பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள் ஆட்டத்தின்போதே மைதானத்தில் இருந்து, கண்ணால் பார்த்த பொருளுக்கு மட்டும் எண்ணிட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கண்ணால் பார்த்தால்தான் என்பது விதி. அதனால் 1950-களின் சட்டைக்கு அது உதவாது.

எண்ணை மாற்றித் தைத்து 'ரெஸ்டோர்' செய்த சட்டை வீணா?

இல்லை, சொல்லி விற்றால். சிறிய லீக்குக்குப் போய் வந்த சட்டையின் காலரில் பெயர் அசலாக இருந்து, முதுகு எண்ணை மட்டும் பழைய தடத்தின் மேலேயே திரும்ப வைத்திருந்தால் அது மதிப்புள்ள பொருள்தான். என் விருப்பம் வேறு: எண் இல்லாமல் தடம் மட்டும் தெரியும் சட்டையை நான் அப்படியே வைத்துக்கொள்வேன். அந்தத் தடத்தைப் போலியாகச் செய்வது கஷ்டம்.

ரெப்ளிகாவை அசல் என்று விற்பார்களா?

விற்கிறார்கள். பிலடெல்பியாவின் மிட்செல் & நெஸ் 1980-களிலிருந்தும், சியாட்டிலின் எபெட்ஸ் ஃபீல்டு ஃபிளானல்ஸ் 1988-இலிருந்தும் அருமையான கம்பளி நகல்கள் செய்கிறார்கள். அவர்கள் நேர்மையாகத் தங்கள் லேபிளோடுதான் விற்கிறார்கள். அந்த லேபிளைப் பிரித்து, பழைய குப்பைச் சட்டை ஒன்றின் லேபிளைத் தைத்துத் தள்ளுபவர்கள் நடுவில் இருக்கிறார்கள். லேபிளின் ஓரத்தில் இரண்டு வரிசை ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

கோடீஸ்வரன் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பெயர் தெரியாத வீரர்களிடமிருந்து. 70-80-களின் பின்னல் சட்டைகள், புகழ் பெறாத ஆட்டக்காரருடையது என்றால் சில நூறு டாலருக்கே கிடைக்கும். போலி செய்பவன் ரூத்தைச் செய்வான். மாற்று ஆட்டக்காரரைச் செய்து அவனுக்கு என்ன லாபம்? ஒரே அணி, ஒரே பத்தாண்டு என்று வைத்துக்கொண்டால் லேபிளும் தையலும் சீக்கிரம் கண்ணுக்குப் பழகும். ஏலத்தில் கேட்கும்போது, சுத்தி விழுந்த விலைக்கு மேல் 20 சதவீதமோ அதற்கு மேலோ நிறுவனத்தின் கமிஷன் ஏறும் என்பதைக் கணக்கில் வையுங்கள். முதல் பில்லைப் பார்த்து நான் முழித்த முழி எனக்குத்தான் தெரியும்.

வீட்டில் எப்படி வைப்பது? துவைக்கலாமா?

துவைக்கவே கூடாது. அந்த அழுக்குக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

ஹாங்கரில் தொங்கவிட்டால் கம்பளி தன் எடையிலேயே தோளில் இழுபடும். அமிலமில்லாத தாளை மடிப்புக்குள் வைத்து, அட்டைப் பெட்டியில் தட்டையாகப் படுக்கவையுங்கள். பட்டுப்புடவையை அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைப்பார்களே, அதேதான் இதற்கும். பழைய மடிப்பிலேயே வருடக்கணக்கில் கிடந்தால் அந்த வரியிலேயே இற்றுப்போகும். முதல் எதிரி அந்துப்பூச்சி. பாச்சை உருண்டையைத் துணியின் மேலேயே போடாதீர்கள், வாசனை ஏறினால் போகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, காலருக்கு அடியிலும் எண்ணின் ஓரத்திலும் பொடிப்பொடியாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

ஃபிரேம் போட்டு மாட்டுவதென்றால் புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி, வெயில் படாத சுவர். முதுகுப் பக்கத்தைப் பார்க்கும்படி மாட்டச் சொல்லுங்கள். பசையோ ஊசியோ படாமல் துணிப்பட்டையில் தாங்கி நிறுத்தத் தெரிந்த கடைக்காரராகத் தேடுங்கள். என்னுடைய 14-ஆம் எண் சட்டையைப் படுக்கையறை ஜன்னலை ஒட்டி மாட்டலாமா என்று ஒருமுறை யோசித்தேன். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் அந்த 8 தெரியுமே என்றுதான். மனைவி வேண்டாம் என்றுவிட்டார். பெட்டியிலேயே இருக்கிறது.